ஒரு செல்லோ, ஒரு பியானோ, இருவருக்கும் வந்த ஒரே காய்ச்சல்

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க. மேற்கத்திய செவ்வியல் இசை பத்தி எதுவும் தெரியாதவங்களும் படிக்கலாம். பாதி கதை இசை, மீதி கதை நரம்பு.

1966ஆம் வருடக் கடைசி. லண்டன்ல ஒரு இளைஞனுக்குக் காய்ச்சல். கழுத்துல நெறி கட்டியிருக்கு, தொண்டை வலி, எழுந்து நடக்கக்கூட முடியாத அசதி. கிளாண்டுலர் ஃபீவர் என்கிறார்கள் டாக்டர்கள். நண்பர் ஒருவர் சொல்கிறார்: "உனக்கு வந்தது பரவாயில்லப்பா, ஜாக்குலினுக்கு வந்திருக்கிறதைப் பாரு." அந்த ஜாக்குலினை இவருக்கு நேரில் பழக்கம் இல்லை. போன் போட்டு விசாரிக்கிறார். உங்களுக்கு எவ்வளவு வீக்கம், எனக்கு எவ்வளவு வீக்கம் என்று நலம் விசாரிப்பிலேயே பழக்கம் ஆரம்பிக்கிறது.

அந்த இளைஞர் டேனியல் பாரன்பாய்ம். அர்ஜென்டினாவில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த பியானோ கலைஞர், வயது 24. அந்தப் பெண் ஜாக்குலின் டு ப்ரே. இங்கிலாந்தின் செல்லோ கலைஞர், வயது 21.

இந்தக் காய்ச்சலை நினைவில் வச்சுக்கோங்க. பின்னாடி திரும்ப வருவோம்.

முதல்ல செல்லோன்னா என்னன்னு சுருக்கமா. வயலின் குடும்பத்துல பெரிய அண்ணன். உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வில்லால் வாசிப்பார்கள். நாலு தந்தி. மனிதக் குரலுக்கு மிக நெருக்கமான வாத்தியம் என்பார்கள். நம்ம சினிமா பின்னணி இசையில் சோகமான காட்சியில அடியில் ஒரு கனமான குரல் இழுத்துட்டே போகுமே, பல சமயம் அது செல்லோதான்.

ஜாக்குலின் 1945 ஜனவரி 26 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். அம்மா பியானோ ஆசிரியை. நாலு வயசில் ரேடியோவில் செல்லோ சத்தத்தைக் கேட்டு, எனக்கு அது வேணும் என்று அடம் பிடித்த குழந்தை. 11 வயதில் சுஜ்ஜியா பரிசு கிடைத்தது. கில்ஹெர்மினா சுஜ்ஜியா போர்ச்சுகீசிய செல்லோ மேதை. தான் இறந்த பிறகு தன் வாத்தியத்தை விற்று அந்தக் காசில் இளம் கலைஞர்களைப் படிக்க வைக்கச் சொல்லிவிட்டுப் போனவர். 1961இல், 16 வயதில், லண்டன் விக்மோர் ஹாலில் ஜாக்குலினின் அரங்கேற்றம். 1965இல், 20 வயதில், எட்வர்ட் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவை ஜான் பார்பிரோலி நடத்திய லண்டன் சிம்ஃபனியோடு பதிவு செய்தார். அந்த ஒரு ரெக்கார்டு போதும், அவர் பெயர் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

ஆனா இந்த இழை எல்கரைப் பத்தி இல்லை. இரண்டே பேர் மேடையில் இருக்கும் கச்சேரி பத்தி. செல்லோவும் பியானோவும்.

நம்ம ஊர் கச்சேரியில் பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். யார் முதன்மை, யார் பக்கவாத்தியம் என்பதில் குழப்பமே கிடையாது. செல்லோ, பியானோ கச்சேரியைப் பார்ப்பவர்கள் அதேபோல, முன்னாடி உட்கார்ந்திருக்கிற செல்லோகாரர்தான் ஹீரோ, பின்னாடி பியானோ பக்கவாத்தியம்னு நினைச்சிடுவாங்க. இந்த இசை வடிவம் பிறந்த கதையே அதை மறுக்குது.

1796இல் 25 வயது பீத்தோவன் பெர்லின் அரண்மனைக்குப் போகிறார். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியமுக்கு செல்லோ வாசிப்பதில் பைத்தியம். அவரது அரண்மனையில் துபோர் என்ற பெரிய செல்லோ கலைஞர் இருக்கிறார். அவரோடு சேர்ந்து வாசிக்க பீத்தோவன் இரண்டு சொனாட்டா எழுதுகிறார். தலைப்பில் பியானோ முதலில், செல்லோ அடுத்து. அதுவரை செல்லோவுக்குத் துணையாக பியானோகாரருக்கு வெறும் அடிநாதக் குறிப்பு மட்டும் கொடுப்பதுதான் வழக்கம். பீத்தோவன் பியானோவின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுதி இரண்டையும் சரிசமமாக உட்கார வைத்தார். பியானோ வாசித்தது அவரே என்பதையும் சேர்த்துப் பார்த்தா காரணம் புரியும்!

அதில் ஒரு சிக்கல். பியானோ சத்தம் அதிகம். செல்லோவின் குரல் நடு ஸ்தாயி, கீழ் ஸ்தாயி. பியானோவின் இடது கையும் அதே இடத்தில்தான் முழங்கும். பியானோகாரர் கொஞ்சம் அசந்தால் செல்லோ மூழ்கிப் போகும். பிராம்ஸ் தன் முதல் செல்லோ சொனாட்டாவை நண்பர் ஒருவரோடு வாசித்தபோது, "உங்க பியானோவுல என் வாத்தியம் எனக்கே கேக்கல" என்று அவர் அலுத்துக்கொள்ள, பிராம்ஸ் "நீ கொடுத்து வச்சவன்" என்றாராம். உண்மையோ பொய்யோ, எல்லா செல்லோகாரர்களும் சொல்லும் கதை இது.

ஆக, இந்த இரண்டு பேரும் ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கணும். கைஜாடை காட்ட நடத்துனர் கிடையாது. தாளம் போட ஆள் கிடையாது.

1966 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஃபூ ட்சாங் என்ற சீனப் பியானோ கலைஞரின் லண்டன் வீட்டில் ஜாக்குலினும் பாரன்பாய்மும் நேரில் சந்தித்தார்கள். குசலம் விசாரிக்கக்கூட இல்லை, நேரே உட்கார்ந்து பிராம்ஸ் வாசித்தார்கள் என்று பாரன்பாய்ம் பிறகு சொல்லியிருக்கிறார். ஆறே மாதத்தில் கல்யாணம். 1967 ஜூன் 15, ஜெருசலேம். ஆறு நாள் போர் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜாக்குலின் யூத மதத்துக்கு மாறியிருந்தார்.

இந்தக் கல்யாணத்தில் நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர் இருந்தார். மும்பை பார்சி, ஜூபின் மேத்தா. யூதர் அல்லாதவர் சடங்கில் பங்கெடுக்க முடியாது. "இவர் பாரசீகத்திலிருந்து வந்த யூதர், பெயர் மோஷே கோஹன்" என்று ரப்பியிடம் பாரன்பாய்ம் கதைவிட்டு அவரை உள்ளே சேர்த்துக்கொண்டார். 1969இல் ஷூபர்ட்டின் டிரௌட் குவின்டெட்டை இவர்கள் வாசித்ததைக் கிறிஸ்டோஃபர் நூபென் படமாக எடுத்தார். அதில் டபுள் பேஸ் வாசிப்பவர் இந்த மேத்தாதான். மேடைக்குப் பின்னால் இவர்கள் அடிக்கும் கூத்தைப் பார்த்தால் கல்லூரி ஹாஸ்டல் ஞாபகம் வரும்.

1968இல் பிராம்ஸின் இரண்டு சொனாட்டாவையும் இருவரும் பதிவு செய்தார்கள். 1970 ஆகஸ்டில் எடின்பரோ விழாவில் பீத்தோவனின் ஐந்து செல்லோ சொனாட்டாவையும் மேடையில் வாசித்தார்கள். பிபிசி அதைப் பதிவு செய்து வைத்திருந்ததால் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. பிசிறுகள் உண்டு, இருமல் சத்தம் உண்டு. எனக்கு ஸ்டூடியோவில் கழுவித் துடைத்த ரெக்கார்டை விட இதுதான் பிடிக்கும்.

இனி டாக்டர் பேசறேன்.

செல்லோவில் கிட்டார் மாதிரி விரல் எங்கே வைக்கணும்னு காட்டும் கட்டைகள் கிடையாது. வெறும் வழுவழுப்பான கருப்புப் பலகை. எந்த இடத்தில் அழுத்தினால் எந்த ஸ்வரம் என்பது விரலுக்குத்தான் தெரியும். சில மில்லிமீட்டர் தள்ளிப்போனால் அபஸ்வரம். இடது கை அந்தப் பலகையில் மேலும் கீழும் பெரிய தாவல்கள் தாவும். கலைஞர் கையைப் பார்க்க மாட்டார், கண் எங்கேயோ இருக்கும். வலது கை வில்லின் எடையை ஒவ்வொரு கணமும் கூட்டிக் குறைக்கும்.

கண்ணை மூடிக்கிட்டு உங்க மூக்கு நுனியைத் தொடுங்க. தொட முடியுதில்ல? கை எங்க இருக்கு, மூட்டு எவ்வளவு மடங்கியிருக்குன்னு மூளைக்கு ஓயாமல் தகவல் போய்க்கொண்டே இருக்கிறது. இதற்குப் பெயர் புரோப்பிரியோசெப்ஷன். தமிழ்ல உடல்நிலை உணர்வுன்னு வச்சுக்கலாம். இந்தத் தகவல் போகும் பாதை தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக ஏறுகிறது. வேகமாகப் போக வேண்டிய தகவல் என்பதால் அந்த நரம்பு இழைகளுக்குக் கனமான மேலுறை உண்டு. வீட்டு வயரிங்கில் செம்புக் கம்பிக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்கு பாருங்க, அதே மாதிரி. அந்த உறையின் பெயர் மயலின்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமா எம்.எஸ்., அந்த உறையைத் தாக்குகிற நோய். நம் உடலின் காவல்படையே, அதாவது நோய் எதிர்ப்பு அணுக்களே, மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் இருக்கும் மயலினை எதிரி என்று நினைத்துத் தின்ன ஆரம்பிக்கும். எந்த இடத்தில் தின்றதோ அந்த இடத்துக்கு ஏற்ற அறிகுறி. கண் நரம்பு என்றால் பார்வை மங்கும். தண்டுவடம் என்றால் கை கால் மரத்துப்போகும், மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். சிறுமூளை என்றால் தடுமாற்றம். இதுக்கெல்லாம் மேல ஒரு அசதி. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி.

இதில் டாக்டரையே ஏமாற்றும் விஷயம், வரும், போகும். இரண்டு வாரம் கை மரத்திருக்கும், அப்புறம் தானாகச் சரியாகும். ஆறு மாதம் கழித்துக் கண் மங்கும், அதுவும் சரியாகும். டாக்டரிடம் போகும்போது எல்லாம் நார்மல்.

ஜாக்குலினுக்கு நடந்தது இதுதான். 60களின் கடைசியிலிருந்தே விரல் மரத்துப்போவது, அசதி, பார்வைத் தொந்தரவு என்று வந்து வந்து போயின. அவருக்குக் கிடைத்த பதில்கள்: பதற்றம், வேலைப்பளு, மனசு. 1971இல் கச்சேரிகளை ரத்து செய்து ஓய்வு எடுத்தபோது வெளியே சொல்லப்பட்ட காரணம் நரம்புத் தளர்ச்சி. மனநல சிகிச்சையும் எடுத்துக்கொண்டார்.

இதில் ஒரு வரலாற்று முரண் இருக்கு. எம்.எஸ். நோயை ஒரு தனி நோயாகத் தெளிவாக விவரித்தவர் பாரிஸின் ழான் மார்ட்டின் ஷார்கோ, 1868இல், சல்பெட்ரியேர் மருத்துவமனையில். அதே ஷார்கோ, அதே மருத்துவமனை, பின்னாளில் உலகப் புகழ் அடைந்தது ஹிஸ்டீரியா ஆராய்ச்சிக்காக. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு லேபிள். அடுத்த நூறு வருஷம் எத்தனையோ இளம்பெண்களுக்கு முதல் லேபிள் ஒட்ட வேண்டிய இடத்தில் இரண்டாவது லேபிளை ஒட்டினோம். எம்.எஸ். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம் வரும் நோய், அதுவும் 20 முதல் 40 வயசுக்குள். அந்த வயசுப் பெண் வந்து "டாக்டர், கை மரத்துப்போகுது, ரொம்ப அசதியா இருக்கு"ன்னு சொன்னா நம்ம ஊர்ல இன்னைக்கும் முதல்ல வரும் கேள்வி என்ன தெரியுமா? "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?"

அந்தக் கேள்வி தப்பில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு.

இப்போ 1971 டிசம்பருக்கு வருவோம். பல மாதமாக ஜாக்குலின் செல்லோவைத் தொடவே இல்லை. திடீரென்று ஒரு நாள் கைக்குத் தெம்பு திரும்பி வருகிறது. மருத்துவத்தில் இதை ரெமிஷன் என்போம், நோய் தற்காலிகமாகப் பின்வாங்குவது. அவருக்கு அது தெரியாது, ஏன்னா நோயின் பெயரே தெரியாது. இந்த நேரத்தை விடக்கூடாது என்று அவசர அவசரமாக அபே ரோடு ஸ்டூடியோவில் நேரம் பிடித்து, பயிற்சி இல்லாமலேயே உட்கார்ந்து, கணவரோடு இரண்டு சொனாட்டா பதிவு செய்தார். ஷோப்பானுடையது ஒன்று, சேசர் ஃபிராங்குடையது ஒன்று. அதுதான் அவரது கடைசி ஸ்டூடியோ பதிவு.

அபே ரோடு ஸ்டூடியோ அப்போது ஈ.எம்.ஐ. நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. பீட்டில்ஸ் பாடிய அதே இடம். இதே ஈ.எம்.ஐ.யின் இன்னொரு பிரிவில் காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் ஒரு மெஷின் செய்துகொண்டிருந்தார். இந்தப் பதிவுக்குப் பத்து வாரம் முன்னாடி, 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் அந்த மெஷினுக்குள் முதல் நோயாளியின் தலை வைக்கப்பட்டது. நாம் இன்று சி.டி. ஸ்கேன் என்று சொல்வது அதுதான்! ஜாக்குலினின் விரலைப் பதிவு செய்த கம்பெனி, அதே சீசனில் மனித மூளையைப் பதிவு செய்யக் கற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கால சி.டி.யில் எம்.எஸ். தழும்புகள் சரியாகத் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேணும். எம்.எஸ். நோயாளியின் மூளைத் தழும்புகளை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டியது 1981இல்தான்.

ஷோப்பான் சொனாட்டா பற்றியும் ஒரு வார்த்தை. ஷோப்பான் உயிரோடு இருந்தபோது அச்சான அவரது கடைசிப் படைப்பு அது, 1847இல். பாரிஸில் அவர் கொடுத்த கடைசிக் கச்சேரி 1848 பிப்ரவரியில். செல்லோ நண்பர் ஃபிராங்கோம்முடன் இந்தச் சொனாட்டாவை வாசித்தார். முதல் பகுதியை விட்டுவிட்டு மீதி மூன்றை மட்டும். மூச்சு வாங்கும் இருமல் நோயாளி. அடுத்த வருடம் 39 வயதில் இறந்தார். அவரது இதயம் மட்டும் ஒரு ஜாடியில் வார்சா தேவாலயத் தூணுக்குள் இருக்கிறது. 2014இல் அதை ஜாடியைத் திறக்காமலேயே பார்த்த மருத்துவர்கள், இதய உறையைத் தாக்கிய காசநோயின் அடையாளம் தெரிவதாக 2017இல் எழுதினார்கள். ஒருவரின் கடைசிப் பாரிஸ் மேடையில் ஒலித்த சொனாட்டா, இன்னொருவரின் கடைசி ஸ்டூடியோ பதிவு. பாரிஸ் மேடையிலிருந்து அவரும், ஸ்டூடியோவிலிருந்து இவரும் செல்லோ, பியானோ என்ற இதே ஜோடியில்தான் விடைபெற்றார்கள். யாரும் திட்டமிட்டதில்லை.

1973 பிப்ரவரி. நியூயார்க். பிராம்ஸின் இரட்டை கான்செர்ட்டோ, பிங்காஸ் ஜூக்கர்மன் வயலின், லெனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்துனர். நாலு கச்சேரி. ஜாக்குலினால் செல்லோ பெட்டியைத் திறக்கவே கஷ்டமாக இருந்தது. வில்லின் எடை கையில் தெரியவில்லை. விரலில் தந்தி படுகிற உணர்வே இல்லை. அதனால் விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தார்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நான் மேலே சொன்ன தகவல் பாதை அறுந்துவிட்டது. கையில் பலம் ஓரளவு இருக்கிறது, ஆனால் கை எங்கே என்று மூளைக்குத் தெரியவில்லை. தண்டுவடத்தால் செய்ய வேண்டிய வேலையைக் கண்ணால் செய்கிறார். அதுவும் ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி, பிராம்ஸை. நரம்பியல் வார்டில் இப்படி நோயாளிகளைப் பார்ப்போம், இருட்டில் நடக்கச் சொன்னால் விழுந்துவிடுவார்கள். வெளிச்சத்தில் கண் காப்பாற்றும்.

மூன்று கச்சேரி வாசித்தார். நாலாவது ரத்து. ஐசக் ஸ்டெர்ன் வந்து வேறு கான்செர்ட்டோ வாசித்தார். ஜாக்குலின் அதன் பிறகு பொதுமேடையில் செல்லோ வாசிக்கவில்லை. வயது 28.

அந்த அக்டோபரில்தான் நோயின் பெயர் தெரிந்தது. எம்.எஸ். எம்.ஆர்.ஐ. இல்லாத காலம். நோயாளி சொல்வதைக் கேட்டு, உடம்பைச் சோதித்து, முதுகுத் தண்டு நீரை எடுத்துப் பார்த்துத்தான் சொல்லணும். லண்டன் குயின் ஸ்கொயரில் ஹாலிடேயும் மக்டொனால்டும் சகாக்களும், கண்ணுக்குச் சதுரங்கக் கட்டம் காட்டி மூளைக்குச் செய்தி போய்ச்சேர எத்தனை மில்லிசெகண்ட் தாமதமாகிறது என்று அளக்கும் முறையை அப்போதுதான், 1972இல், வெளியிட்டிருந்தார்கள். அதாவது நோயைக் கண்டுபிடிக்கும் கருவிகள் ஒவ்வொன்றாகப் பிறந்துகொண்டிருந்த நேரத்தில், அதே ஊரில் இவர் நோயாளி.

சிகிச்சை? வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு வகை மருந்துகள். நோயின் போக்கையே மாற்றும் மருந்து எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட முதல் மருந்து, இன்டர்ஃபெரான் பீட்டா, அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993இல். ஜாக்குலின் இறந்தது 1987 அக்டோபர் 19, வயது 42. ஆறு வருஷ இடைவெளி.

அந்த 14 வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. முடிந்தவரை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வாயால் பாடிக்காட்டிச் சொல்லிக்கொடுத்தார். புரோகோஃபியேவின் பீட்டர் அண்ட் த வுல்ஃப் கதையைப் பாரன்பாய்ம் நடத்திய இசைக்குழுவுக்கு முன்னால் தன் குரலில் வாசித்துப் பதிவு செய்தார். பிறகு பேச்சும் குழற ஆரம்பித்தது.

இந்த இடத்தில் எப்பவும் ஒரு கேள்வி வரும், அதனால் நானே சொல்லிடறேன். பாரன்பாய்ம் 1975இல் பாரிஸ் இசைக்குழுவின் தலைமையை ஏற்றார். அங்கே பியானோ கலைஞர் எலேனா பாஷ்கிரோவாவுடன் வாழ ஆரம்பித்து, 80களில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். லண்டனில் மனைவியைப் பார்க்க வந்து போய்க்கொண்டிருந்தார். இந்த விஷயத்தை ஜாக்குலினிடம் சொல்லவில்லை. பிரிட்டிஷ் பத்திரிகைகளும் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டன. திட்டுபவர்கள் நிறைய பேர். நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். நாள்பட்ட நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களின் முகத்தைத் தினமும் ஓ.பி.யில் பார்க்கிறவன் நான். 14 வருஷம் என்பது படிக்கும்போது ஒரு எண். மறைத்தது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, அந்தக் காய்ச்சல்.

கிளாண்டுலர் ஃபீவருக்குப் பெரும்பாலும் காரணம் எப்ஸ்டீன் பார் வைரஸ். எச்சில் வழியாகப் பரவும். உலகத்தில் பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும், 90 சதவீதத்துக்கு மேல், இது ஒரு தடவை வந்து போயிருக்கும். நம்ம ஊரில் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே சத்தமில்லாமல் வந்துவிடும். மேல்நாடுகளில் பலருக்கு இளம்வயதில் வரும், அப்போதுதான் கழுத்தில் நெறி கட்டிப் படுத்த படுக்கையாக்கும். வந்தபின் உடம்பை விட்டுப் போகாது, ரத்த அணுக்களுக்குள் வாழ்நாள் முழுக்கத் தூங்கும்.

2022 ஜனவரியில் சயின்ஸ் இதழில் ஹார்வர்டு குழுவின் ஆய்வு வந்தது. அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் இருபது வருட ரத்த மாதிரிகள். அதில் எம்.எஸ். வந்தவர்கள் 955 பேர். எப்ஸ்டீன் பார் தொற்று வந்த பிறகு எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு கூடியது. மற்ற வைரஸ்களால் அப்படிக் கூடவில்லை. பல வருஷச் சந்தேகத்துக்குக் கிடைத்த மிக வலுவான ஆதாரம் இது.

உடனே பயந்துடாதீங்க. இந்த வைரஸ் வந்த கோடிக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்குத்தான் எம்.எஸ். வருகிறது. மரபணு, வைட்டமின் டி, புகைப்பழக்கம், இன்னும் பல காரணிகள் சேரணும். ஜாக்குலினுக்கு அந்தக் காய்ச்சலால்தான் எம்.எஸ். வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதே காய்ச்சல் அடித்த பாரன்பாய்முக்கு எம்.எஸ். வரவில்லையே. ஒரே நேரத்தில் நோயில் படுத்து, வீக்கத்தை ஒப்பிட்டுப் பேசிச் சிரித்த இரண்டு பேரில் ஒருவரின் கையை நோய் எடுத்துக்கொண்டது, இன்னொருவர் அடுத்த 50 வருடம் உலக மேடைகளில் இருந்தார்.

அவரையும் காலம் விடவில்லை. 2022இல் தீவிரமான நரம்பு மண்டல நோய் இருப்பதாகச் சொல்லி மேடைகளிலிருந்து விலகத் தொடங்கினார். 2023 ஜனவரியில் பெர்லின் ஓபரா பொறுப்பை விட்டார். 2025 பிப்ரவரியில் தனக்குப் பார்க்கின்சன் நோய் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது, ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கி, கண்ணை அசைத்தால் வலிக்கிறதா? கை கால் மரத்துப்போவது ஒரு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? குனிந்தால் முதுகுத்தண்டில் ஷாக் அடிக்கிறதா? வெந்நீரில் குளித்தால் அறிகுறி அதிகமாகிறதா? சரியாயிடுச்சேன்னு விடாமல் நரம்பியல் நிபுணரைப் பாருங்க. பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். வந்து போன தேதிகளை ஒரு நோட்டில் எழுதி எடுத்துட்டுப் போங்க, "இப்போ நல்லாத்தான் இருக்கேன்"னு ஆரம்பிக்காதீங்க. இன்று எம்.எஸ்.க்கு நல்ல மருந்துகள் பல இருக்கு. சீக்கிரம் தொடங்கினால் பலருக்கு நோய் வருடக்கணக்கில் அடங்கியிருக்கும். விலை அதிகம், அது இன்னொரு இழைக்கான புலம்பல்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு. முதலில் 1970 எடின்பரோ பீத்தோவன், ஏ மேஜர் சொனாட்டா. ஆரம்பத்தில் செல்லோ மட்டும் தனியாகப் பேசும், பியானோ காத்திருந்து பதில் சொல்லும். அப்புறம் 1971 ஷோப்பானில் மூன்றாம் பகுதி, சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

கடைசியாக ஃபிராங்க். 1886இல் வயலின் கலைஞர் யூஜின் இசாயிக்குக் கல்யாணப் பரிசாக எழுதப்பட்டது, பிறகு செல்லோவுக்கு மாற்றப்பட்டது. அதன் நாலாம் பகுதியில் பியானோ ஒரு மெட்டை ஆரம்பிக்கும். ஒரு ஆவர்த்தனம் பின்னால் செல்லோ அதே மெட்டை எடுத்துக்கொண்டு தொடர்ந்து வரும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. பல மாதம் வாத்தியத்தைத் தொடாத கை அது.